எண்ணெயின் கதை – 9: கல்லின் பிள்ளையா, கடலின் பிள்ளையா?

பாகு நகரை அடுத்த சுரகானியில் ஒரு தீக்கோயில் உண்டு. தரையின் வெடிப்புகளிலிருந்து கசிந்த எரிவாயு அங்கே இரவும் பகலும் தானாக எரிந்துகொண்டிருந்தது. அதைத் தேடி வட இந்தியாவிலிருந்து போன வணிகர்களும் துறவிகளும் அறைகள் கட்டித் தங்கினார்கள். கணபதியையும் ஜுவாலாஜியையும் வணங்கி அவர்கள் செதுக்கிய கல்வெட்டுகளை இன்றும் அந்தச் சுவர்களில் பார்க்கலாம். 1850களின் இறுதியில் வாசிலி கோகொரெவ் என்ற ரஷ்ய முதலாளி அந்தக் கோயிலை ஒட்டியே விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வடிக்கும் ஆலை ஒன்றை எழுப்பினார். விறகும் நிலக்கரியும் இல்லாத ஊரில் எரிபொருள் இலவசம், மண்ணே எரிகிறது. ஆனாலும் ஆலை லாபம் தரவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்க 1863இல் பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஓர் இளம் வேதியியலாளரை வரவழைத்தார் கோகொரெவ். அவர் டிமித்ரி மெண்டெலீவ். வயது 29. தனிம வரிசை அட்டவணை பிறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அதன்பின் வாழ்நாள் முழுவதும் மெண்டெலீவை எண்ணெய் விடவில்லை. 1876இல் அமெரிக்காவுக்குப் போனார். ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த கையோடு, இந்தத் தொடரின் தொடக்கத்தில் நாம் சுற்றிவந்த பென்சில்வேனிய எண்ணெய் வயல்களையும் பார்த்தார். மறு ஆண்டு, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தன் விடையை வெளியிட்டார். அதில் மீனுக்கும் பாசிக்கும் இடமில்லை.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. நாம் மிதிக்கும் பாறைகளோ பெரும்பாலும் மூன்று மடங்கைத் தொடுவதில்லை. அப்படியானால் உள்ளே மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும், அது இரும்பு. விண்ணிலிருந்து விழும் கற்களில் இரும்பும் கரியும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆகவே பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடு ஏராளமாக இருக்கும். மலைகள் எழும்போது உண்டாகும் பிளவுகள் வழியே நீர் அங்கே இறங்கினால், நீரிலுள்ள ஆக்சிஜன் இரும்போடு சேரும்; ஹைட்ரஜன் கரியோடு சேரும். பிறக்கும் ஹைட்ரோகார்பன் ஆவி மேலேறி, குளிர்ந்த பாறைகளுக்குள் எண்ணெயாகத் தங்கும். காகசஸிலும் பென்சில்வேனியாவிலும் எண்ணெய் வயல்கள் மலைத்தொடர்களை ஒட்டியே வரிசையாக அமைந்திருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். கரி கலந்த வார்ப்பிரும்பை அமிலத்தில் கரைத்து, எண்ணெய் போன்ற திரவத்தைச் சோதனைச்சாலையிலேயே எடுத்தும் காட்டினார்.

இன்றைய பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கண்ணியும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக அமைந்த வாதம் அது. பாறைக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு கருவியும் இல்லாத காலத்தில், கையில் இருந்த எண்களையும் உலோகத்தையும் கொண்டு இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது.

அவர் தனியாகவும் இல்லை. 1804இலேயே அலெக்சாந்தர் ஹும்போல்ட், வெனிசுவேலாக் கடற்கரையில் தான் கண்ட எண்ணெய் ஊற்றுகளைக் கொண்டு, எண்ணெய் பெரும் ஆழத்துப் பாறைகளிலிருந்து வடிந்து வருவது என்று எழுதினார். பிரான்சில் மார்செலின் பெர்த்தெலோ 1866இல் உலோகக் கார்பைடுகளிலிருந்து அசெட்டிலீன், அதிலிருந்து எண்ணெய் என்று ஒரு வழி சொன்னார். மறு பக்கத்தில் மூத்த குரல் மிகயீல் லோமனோசவுடையது. நிலக்கரியும் எண்ணெயும் புதைந்துபோன தாவரங்கள் பூமியின் சூட்டில் மாறியவை என்று 1763இல் வெளியான நூலில் அவர் எழுதியிருந்தார். 1888இல் ஜெர்மனியின் கார்ல் எங்லர் மென்ஹேடன் என்ற மீனின் எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கி வடித்தார். கிடைத்தது கச்சா எண்ணெயை ஒத்த திரவம்.

ஆக ஒருவர் இரும்பிலிருந்து எண்ணெய் எடுத்தார், ஒருவர் மீனிலிருந்து எடுத்தார். இருவருமே வெற்றி பெற்றதாக நினைத்தார்கள். இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ‘எண்ணெய் இப்படி உண்டாக முடியுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த வயலில், இந்தக் கிணற்றில் வரும் இந்த எண்ணெய் இப்படித்தான் உண்டானதா?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சோதனைச்சாலை விடை தரும். இரண்டாவதற்கு அந்த எண்ணெய்தான் சாட்சி சொல்ல வேண்டும். இந்த விவாதம் ஒன்றரை நூற்றாண்டு இழுத்ததற்கு, முதல் கேள்வியின் விடையை இரண்டாவதன் விடையாக இரு தரப்பும் மாறி மாறி எடுத்துக்கொண்டதே பெருங்காரணம் என்று நினைக்கிறேன்.

எண்ணெயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். பொதுமக்கள் அறியாத பெயர். 1930களின் தொடக்கத்தில் அவர் மியூனிக்கில் ஹான்ஸ் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமினையும் இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோஃபில்லையும் ஆராய்ந்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர் ஃபிஷர். இந்த இரண்டு பொருள்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. நான்கு சிறு வளையங்கள் கைகோத்து ஒரு பெருவளையமாக நிற்கும். அதற்குப் பார்ஃபிரின் என்று பெயர். பெருவளையத்தின் நடுவில் ஓர் உலோக அணு உட்கார்ந்திருக்கும். இரத்தத்தில் அது இரும்பு, இலையில் மக்னீசியம். இந்த வளையங்கள் ஒளியை உறிஞ்சும் விதம் அவற்றுக்கே உரியது. அந்த ஆய்வுக்கூடத்தில் பழகிய கண் அவற்றைத் தவறவிடாது.

டிரைப்ஸ் கச்சா எண்ணெய்களையும் நிலக்கீலையும் எண்ணெய் ஊறிய களிப்பாறைகளையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். 1934 முதல் வெளியான அவருடைய கட்டுரைகள் சொன்னது: எண்ணெய்க்குள் பார்ஃபிரின்கள் இருக்கின்றன. நடுவில் மக்னீசியம் போய் வனேடியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓரங்களில் சில தொங்கல்கள் உதிர்ந்திருக்கின்றன. குளோரோஃபில்லிலிருந்து புறப்பட்டு எந்த எந்த மாற்றங்களைக் கடந்தால் எண்ணெயில் இருக்கும் வடிவத்துக்கு வந்து சேரலாம் என்று படிப்படியாக அவர் வரைந்து காட்டினார். அதோடு நிற்கவில்லை. இந்த வளையங்கள் கடும் வெப்பத்தைத் தாங்காதவை. காற்று பட்டாலும் சிதையும். அவை சிதையாமல் இருப்பதால் எண்ணெய் பிறந்த இடம் உலை போன்ற சூட்டில் இருந்திருக்க முடியாது, ஆக்சிஜன் இல்லாத இடமாகவும் இருந்திருக்க வேண்டும் என்றார். எண்ணெயிலிருந்தே எண்ணெயின் பிறப்பிடத்தைப் படித்துச் சொன்ன முதல் ஆய்வு இது. கரிமப் புவிவேதியியல் என்ற துறையே இதிலிருந்து கிளைத்தது. அத்துறையின் உயரிய விருது இன்று அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

டிரைப்ஸ் திறந்த வழியில் அடுத்த நாற்பது ஆண்டுகளில் பலர் நடந்தார்கள். எண்ணெய் பிறக்கும் கதை மெல்ல முழுமை பெற்றது. ஆக்சிஜன் குறைந்த கடலடியிலும் ஏரியடியிலும் பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து, மென்களியோடு படிகின்றன. மேலே படிவு ஏற ஏற, அந்த உயிர்ப்பொருள் கரையாத கெட்டிப் பொருளாகிறது. அதற்குக் கெரோஜன் என்று பெயர். படிவு புதையப் புதையச் சூடு ஏறுகிறது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் தொடங்கி 150 டிகிரி வரை கெரோஜன் உடைந்து எண்ணெய் தருகிறது. அதற்கு மேல் எண்ணெயே உடைந்து வாயுவாகிறது. சோவியத் அறிஞர் நிகோலாய் வாசொயெவிச் 1960களில் இதை எண்ணெய் பிறக்கும் முதன்மைக் கட்டம் என்றார். பிரான்சின் பெர்னார் திசோவும் ஜெர்மனியின் டீட்ரிக் வெல்ட்டேயும் 1978இல் இதை முழுநூலாக எழுதினார்கள். அன்றிலிருந்து எண்ணெய் தேடுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி மூலப்பாறை எங்கே, அது எவ்வளவு சூடு கண்டது என்பதுதான்.

பார்ஃபிரினோடு வேறு சாட்சிகளும் வந்து சேர்ந்தன. கொலஸ்டிராலின் உறவான ஸ்டீரேன்கள், பாக்டீரியாவின் சவ்வில் இருந்து வந்த ஹோப்பேன்கள் இப்படிப் பல. எனக்கு மிகவும் பிடித்தது ஓலியனேன் என்ற மூலக்கூறு. பூக்கும் தாவரங்கள் உண்டாக்கும் பொருளிலிருந்து வருவது அது. பூக்கும் தாவரங்கள் பூமியில் பரவியது கிரெட்டேஷியஸ் காலத்தில். ஓலியனேன் நிறைந்த எண்ணெய்களும் அக்காலத்திலும் அதற்குப் பின்னும் படிந்த மூலப்பாறைகளிலிருந்து வந்தவையே. பூ மலர்ந்த காலம் எண்ணெயில் பதிவாகியிருக்கிறது. பூமியின் வயிற்றிலிருந்து ஏறிவரும் எண்ணெய்க்கு, மேலே எப்போது பூ பூத்தது என்று எப்படித் தெரியும்?

இவ்வளவு சாட்சி இருந்தும் வழக்கு முடியவில்லை. 1951இல் லெனின்கிராட்டின் நிலவியலாளர் நிகோலாய் குத்ரியாவ்த்செவ் அதை மறுபடி திறந்தார். கனடாவின் அதபாஸ்கா மணற்பரப்பில் கோடிக்கணக்கான டன் கெட்டி எண்ணெய் தரைமட்டத்திலேயே கிடக்கிறது. அவ்வளவு எண்ணெயைத் தரும் மூலப்பாறையை அங்கே காட்டுங்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஓர் இடத்தில் ஓர் அடுக்கில் எண்ணெய் இருந்தால் அதன் கீழுள்ள எல்லா அடுக்குகளிலும், அடித்தளப் பாறையிலும்கூட இருக்கும் என்றொரு விதியையும் அவர் வகுத்தார். உக்ரைனில் விளாதிமிர் போர்ஃபிரியெவ் போன்றவர்கள் அவரோடு சேர்ந்தார்கள். அதபாஸ்காவுக்கு விடை பின்னால் கிடைத்தது. எண்ணெய் அங்கே பிறக்கவில்லை. மேற்கே மலைகளின் அடியில் ஆழப் புதைந்த களிப்பாறைகளில் பிறந்து, நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, வழியிலும் வந்த இடத்திலும் நுண்ணுயிர்கள் லேசான பகுதியைத் தின்றுவிட, மிஞ்சியது கெட்டித்துப்போனது.

இந்த இடத்தில் ஒரு தவறான கதையையும் சரிசெய்ய வேண்டும். ரஷ்யர்கள் எல்லாரும், எண்ணெய் உயிரிலிருந்து அல்ல, ஆழத்துப் பாறையிலிருந்து பிறந்தது என்ற கனிமக் கொள்கையை நம்பினார்கள், அதனால்தான் அவ்வளவு எண்ணெய் கண்டுபிடித்தார்கள் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். உண்மை அப்படியில்லை. சோவியத் எண்ணெய் நிலவியலின் தந்தை என்று போற்றப்படும் இவான் குப்கின் உயிர்வழிக் கொள்கைக்காரர். வாசொயெவிச்சும் அப்படியே. 1965இல் கண்டுபிடிக்கப்பட்ட சமோத்லோர் உள்ளிட்ட மேற்கு சைபீரியப் பெருவயல்கள் படிவுப் பாறைகளில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஊட்டியது பஷெனோவ் என்ற கரிய களிப்பாறை. குத்ரியாவ்த்செவின் அணி அங்கே துணிச்சலான சிறுபான்மை.

மேற்கில் அந்தச் சிறுபான்மைக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வானியலாளர். தாமஸ் கோல்டு 1920இல் வியன்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் அவரை எதிரிநாட்டான் என்று அடைத்துவைத்தது. அங்கேதான் ஹெர்மன் போண்டியின் நட்பு கிடைத்தது. அவர்கள் இருவரும் ஒரு பக்கமும் ஃபிரெட் ஹாயில் இன்னொரு பக்கமுமாக 1948இல் நிலைபேறுடைய அண்டம் என்ற கொள்கையை வெளியிட்டார்கள். அது பின்னர் தோற்றது. அதே ஆண்டு, நம் காது ஒலியை வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை, உள்ளேயே பெருக்குகிறது என்று கோல்டு எழுதியபோது யாரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டு கழித்து, காது தானே ஒலி எழுப்புவதை டேவிட் கெம்ப் பதிவுசெய்தபோது கோல்டு சொன்னது சரியென்று ஆயிற்று. துடிக்கும் விண்மீன்கள் வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்று 1968இல் அவர் சொன்னதும் சரியே. தன்னை மறுத்தவர்கள் பின்னால் ஒப்புக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர், நிலவியலாளர்கள் ஒன்றுகூடி மறுத்தபோதும் தயங்காததில் வியப்பில்லை.

கோல்டின் பார்வை வானிலிருந்து தொடங்கியது. வியாழனிலும் சனியிலும் மீத்தேன் இருக்கிறது. சனியின் நிலவான டைட்டனில் மரமும் மீனும் இல்லாமலே ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. கரி நிறைந்த விண்கற்களிலும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து உருவான பூமியின் ஆழத்தில் மட்டும் ஏன் இருக்கக்கூடாது? எரிவாயுக் கிணறுகளில் ஹீலியமும் சேர்ந்து வருவதை அவர் முக்கியச் சான்றாகக் கண்டார். ஹீலியத்துக்கும் உயிருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆழத்திலிருந்து ஏறும் மீத்தேன், பாறைகளில் பரவிக்கிடக்கும் ஹீலியத்தை வழியெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது என்றார்.

பேசிக்கொண்டிருப்பதைவிடத் துளையிட்டுப் பார்ப்பது மேல். படிவுப் பாறையே இல்லாத, பாளம் பாளமாகக் கிரானைட் மட்டும் உள்ள இடத்தில் துளையிட வேண்டும். ஆழத்து வாயு ஏறிவர வெடிப்புகளும் வேண்டும். ஸ்வீடனின் சில்யான் வளையம் பொருத்தமாகத் தெரிந்தது. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதி, 50 கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டத்தில் கிரானைட்டை நொறுக்கிய இடம் அது. ஸ்வீடன் அரசு மின் வாரியம் முன்னின்றது. தன் மண்ணில் எண்ணெய் இல்லாத, அணுமின்சாரத்தைக் கைவிடலாமா என்று வாதாடிக்கொண்டிருந்த நாட்டுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்தது. 1986இல் கிராவ்பெரி-1 என்ற துளை தொடங்கியது. பூமியின் மிகக் கடினமான பாறைகளில் ஒன்றுக்குள் 6 கிலோமீட்டருக்கும் கீழே அது போனது. துரப்பணக் கருவிகள் சிக்கின, முறிந்தன, பக்கத் துளைகள் போட்டு மறுபடி இறங்கினார்கள்.

1987இல் துளையிலிருந்து கரிய பசை போன்ற ஒன்று வந்தது. நுண்ணிய மேக்னடைட் துகள்களும் எண்ணெய்ப் பொருளும் கலந்த பசை. கோல்டு இதை வெற்றி என்றார். உடனே மறுப்பு வந்தது. துளைக்குள் டீசல் கலந்த துரப்பணச் சேறும் மசகு எண்ணெயும் ஊற்றியிருக்கிறார்களே! அந்த டீசலே சூட்டிலும் காரத்திலும் மாறி இப்படி ஆகியிருக்கும் என்று வேதியியலாளர்கள் பகுத்துக் காட்டினார்கள். நீர் கலந்த சேற்றைப் பயன்படுத்தி மறுபடி முயன்றார்கள். அருகில் இரண்டாவது துளையும் போட்டார்கள். எல்லாம் முடிந்தபின் மேலே வந்த எண்ணெய் ஏறத்தாழ 80 பீப்பாய். அதுவும் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் தீரவில்லை. காரணம் எளிது: சில்யான் வளையத்தின் பள்ளத்தில், மோதலின்போது சரிந்து தப்பிய பழைய கடற்படிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் கரிய களிப்பாறையும் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புக் குவாரிகளில் எண்ணெய் கசிவதும் வெகுநாளாகத் தெரிந்ததே. வணிகமாகத் திட்டம் தோற்றது. முதலீடு செய்தவர்கள் பணத்தை இழந்தார்கள்.

ஆனால் அந்தத் துளை வீணாகவில்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே இருந்த நீரிலிருந்து, சூட்டை விரும்பும், காற்று வேண்டாத பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்து 1994இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு கோல்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நம் காலடியில் கிலோமீட்டர் கணக்கில் ஆழம் வரை, ஒளியே தேவைப்படாத நுண்ணுயிர்களின் பெரும் உலகம் இருக்கிறது. அது மேலே உள்ள உயிர்க்கோளத்தோடு அளவில் போட்டியிடக்கூடியது என்றார். அந்த உலகம் உண்மையென்று பிறகு உலகெங்கும் சுரங்கங்களிலும் கடலடித் துளைகளிலும் உறுதியானது. ஒரு தவறான கொள்கையைத் துரத்திப் போன மனிதர் வழியில் ஒரு புதிய உலகத்தைத் தொட்டிருக்கிறார்.

அந்த நுண்ணுயிர்களை வைத்தே கோல்டு எதிரிகளின் சாட்சிகளையும் திருப்ப முயன்றார். எண்ணெய்க்குள் ஹோப்பேன் இருப்பதற்குக் காரணம், ஆழத்தில் எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற அடையாளம்தான்; எண்ணெய் உயிரிலிருந்து வந்ததற்கு அது சான்றாகாது என்றார். ஹோப்பேனைப் பொறுத்தவரை இது கூர்மையான வாதம். ஸ்ட்ராஸ்பர்கில் கீ ஊரிசோனின் குழு ஹோப்பேன்களைப் பாறைகளிலும் எண்ணெயிலும் எங்கும் கண்டபிறகுதான், எந்த பாக்டீரியா அதன் மூலத்தை உண்டாக்குகிறது என்பதே முழுதாகத் தெரியவந்தது. கோல்டு பிடித்த இடம் சரியானது. ஆனால் பார்ஃபிரின்? இலையின் பச்சையம் ஒளிக்காக இருப்பது. கும்மிருட்டில் அதற்கு வேலையில்லை. ஓலியனேன்? ஆழத்தில் பூச்செடி கிடையாது. எண்ணெய் மேலேறும் வழியில் படிவுகளிலிருந்து இவற்றை ஒட்டிக்கொண்டது என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அப்படியானால் எண்ணெயின் மூலக்கூறுகளும் அதன் கார்பன் ஐசோடோப்பு விகிதமும் பக்கத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட களிப்பாறையோடு கைரேகை போல் ஒத்துப்போக வேண்டியதில்லை. வயலுக்கு வயல் அது ஒத்துப்போகிறது.

கிரானைட்டில் எண்ணெய் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது. வியட்நாமின் வுங் தாவ் கடற்கரைக்கு அப்பால் உள்ள பாக் ஹோ அந்நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் வயல். 1988இல் அங்கே கிரானைட் வெடிப்புகளிலிருந்து எண்ணெய் பொங்கியது. கனிமக் கொள்கைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். எண்ணெயைப் பகுத்தபோது அது ஏரியடியில் படிந்த களிப்பாறையின் பிள்ளை என்று தெரிந்தது. அந்தக் களிப்பாறை கிரானைட் மேட்டின் இரு பக்கப் பள்ளங்களிலும், மேட்டின் உச்சியைவிடத் தாழ்வான மட்டத்தில் கிடக்கிறது. எண்ணெய் கீழிருந்து மேலே வந்தது உண்மை. ஆனால் பாறைக்கு அடியிலிருந்து வரவில்லை; பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஏறியது.

நம் காவிரிப் படுகையிலும் இதே அமைப்பு இருக்கிறது. கொள்ளிடக் கரையோரம் மாதானம் பகுதியில் ஓ.என்.ஜி.சி. வெடித்த அடித்தளப் பாறையிலேயே எண்ணெய் கண்டிருக்கிறது. கோண்ட்வானா நிலம் பிளந்தபோது இந்தப் படுகையில் மேடும் பள்ளமுமாகப் பாறைகள் இறங்கின. அந்தப் பள்ளங்களில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்த களிப்பாறைகளுக்கு, அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தின் பெயரை நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். காவிரிப் படுகை எண்ணெயின் முக்கிய மூலப்பாறையாக அதைத்தான் கொள்கிறார்கள்.

2002இல் வழக்கு கடைசியாக ஒருமுறை சூடுபிடித்தது. ஜே. எஃப். கென்னியும் ரஷ்ய ஆய்வாளர்களும் பளிங்குக்கல், இரும்பு ஆக்சைடு, நீர் மூன்றையும் 50,000 வளிமண்டல அழுத்தத்திலும் 1,500 டிகிரி வெப்பத்திலும் வைத்து, மீத்தேனும் அதைவிடக் கனமான ஹைட்ரோகார்பன்களும் உண்டாவதைக் காட்டினார்கள். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் நிலைமை அது. பிற குழுக்களும் வைரக் கிடுக்கிகளுக்குள் மீத்தேனை உண்டாக்கின. இவை நல்ல சோதனைகள். முதல் கேள்விக்கு ‘முடியும்’ என்று ஐயமறச் சொல்லிவிட்டன. கென்னி அதற்கு மேலும் போய், உயிர்ப்பொருளிலிருந்து எண்ணெய் வருவது வெப்ப இயக்கவியலுக்கே முரண் என்றார். அங்கேதான் அவர் சறுக்கினார். பாசியின் கொழுப்பில் சூரிய ஒளியின் ஆற்றல் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அது உடைந்து எண்ணெயாவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதே. ஆழத்திலிருந்து ஹைட்ரோகார்பன் பெருமளவில் ஏறிவந்தால் எரிமலைகள் அதைக் கக்கவேண்டும். அவை கக்கும் கரி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவே வருகிறது.

அதே 2002இல் கனடாவின் பார்பரா ஷெர்வுட் லோலார், ஒன்டாரியோவின் கிட் கிரீக் தாமிரச் சுரங்கத்தின் ஆழத்தில் கசியும் வாயுக்களை அளந்து வெளியிட்டார். கெரோஜன் உடைந்து வரும் வாயுவில் மீத்தேனைவிட ஈத்தேனிலும் புரோப்பேனிலும் கனமான கார்பன்-13 கூடிக்கொண்டே போகும். கிட் கிரீக்கில் அது தலைகீழாக இருந்தது: சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்ததன் அடையாளம். உயிரே இல்லாமல் பாறையும் நீரும் உண்டாக்கிய ஹைட்ரோகார்பன், கையில் அகப்பட்டுவிட்டது! மெண்டெலீவ் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். ஆனால் அந்த அடையாளத்தை உலகின் வணிக எரிவாயு வயல்களோடு ஒப்பிட்ட ஷெர்வுட் லோலார், அவற்றுக்கு இவ்வழி வந்த பங்கு குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று முடித்தார். துருக்கியின் யனார்தாஷ் குன்றில் பழங்காலம் முதல் எரியும் தீச்சுடர்களிலும், அட்லாண்டிக்கின் அடியில் 2000இல் கண்ட ‘லாஸ்ட் சிட்டி’ வெந்நீர் ஊற்றுகளிலும் இத்தகைய மீத்தேன் உண்டு. இருக்கிறது, அளவு சிறியது. நாம் எரிக்கும் பெட்ரோல் அதிலிருந்து வரவில்லை.

சில்யானுக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 2019இல் ஹென்ரிக் டிரேக்கின் குழு அந்த வளையத்தின் வெடிப்புகளில் படிந்த கால்சைட் படிகங்களை ஆராய்ந்து வெளியிட்டது. வாயுவில் பெரும்பங்கு நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேன். அவற்றுக்கு உணவு, பள்ளத்துக் களிப்பாறையிலிருந்து இறங்கிய எண்ணெய். கோல்டு வாயு கீழிருந்து ஏறுகிறது என்றார். எண்ணெய் மேலிருந்து இறங்கியிருந்தது. ஆனால் அதைத் தின்றவை, அவர் முன்கூட்டிச் சொன்ன அதே ஆழத்து உயிர்கள். 2004இல் இறந்த கோல்டு இதைப் பார்க்கவில்லை.

பாறையும் நீரும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்ற மெண்டெலீவின் கேள்வி எண்ணெயை விட்டு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இரும்பு நிறைந்த பாறையை நீர் தாக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜனைத் தேடி இன்று பல நாடுகளில் துளையிடுகிறார்கள். அந்தத் தேடலுக்கு வித்திட்டது மாலி நாட்டின் பூரகேபுகு கிராமத்தில் 1987இல் தண்ணீருக்காகப் போட்ட ஒரு துளை. தண்ணீர் வரவில்லை, வந்த வாயு தீப்பிடித்தது, துளையை மூடிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதைத் திறந்து, அந்த ஹைட்ரஜனிலேயே ஊருக்கு மின்சாரம் எடுத்தார்கள். அடுத்த இதழில் அந்தக் கிராமத்துக்குப் போவோம்.

(தொடரும்)